வீட்டுத் தோட்டக் கவாத்துக்குச் சிறிய மின் செயின்சா: எதைப் பார்த்து வாங்குவது?

கிளுவைவேலி (கோபி அருகில்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டைச் சுற்றி ஏறத்தாழ முப்பது சென்ட் நிலம் இருக்கிறது. இரண்டு மாமரம், நான்கு கொய்யா, வரப்போரத்தில் செடிமுருங்கை, தழைச்சத்துக்காக நட்ட கிளைரிசிடியா வரிசை ஒன்று, ஆறு தென்னை ஆகியவை உள்ளன. கிழக்குப் பக்கம் முழுவதும் கிளுவை வேலி. இதுவரை கவாத்துக்கு ஆள் வைத்தே செய்துவந்தோம். வருகிறவர்கள் எல்லாக் கிளைகளையும் அரிவாளால் கொத்திவிடுவதால் வெட்டுவாய் பிளந்து, பட்டை ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து தொங்குகிறது. அடுத்த மழையில் அந்த இடத்திலிருந்தே கிளை அழுகத் தொடங்குகிறது. அதனால் சிறிய மின் செயின்சா ஒன்றை வாங்கி நானே செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கடையில் போய்க் கேட்டால் 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம் என்கிறார்கள். பெட்டிகளில் 21 வோல்ட், 48 வோல்ட், 88 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் வயர் போட்டு ஓட்டும் 16 அங்குல இயந்திரமே கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். விறகு வியாபாரம் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கவாத்து, காற்றில் ஒடிந்து விழும் கிளைகளை அறுத்து ஒதுக்குவது, இவ்வளவுதான் தேவை. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தோப்புக்காரர் (பொள்ளாச்சி)

தம்பி, இயந்திரத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, நீங்கள் உண்மையில் அறுக்கப்போகும் கிளைகளின் பருமனைப் பாருங்கள். வீட்டுத் தோட்டத்தில் கவாத்து செய்யும் கிளைகளில் பெரும்பாலானவை கட்டைவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரைதான் இருக்கும். தொடைப் பருமனான கிளையை அறுக்க வேண்டிய நிலை எப்போதாவது ஒருமுறை வரும். அதற்காக 16 அங்குல இயந்திரத்தை வாங்கினால், மற்ற எல்லா நாளும் நான்கைந்து கிலோ எடையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

கடையில் சொல்லும் அங்குலம் பாரின், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் தட்டையான இரும்புப் பட்டையின், நீளம். அந்த நீளத்தைவிட அறுக்கும் கிளை இரண்டு அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 4 அங்குல இயந்திரம் 5 சென்டிமீட்டர் கிளைக்கு வசதியானது. 6 அங்குலம் 10 சென்டிமீட்டர் வரை தாராளமாகப் போகும். 8 அங்குலத்தில் 15 சென்டிமீட்டர் வரை அறுக்கலாம், ஆனால் அந்த அளவுக்கு வரும்போது எடையும் கூடும், பேட்டரியும் விரைவில் தீரும். உங்கள் மரங்களை வைத்துப் பார்த்தால் 6 அங்குல பேட்டரி இயந்திரமே பொருந்தும் என்பது என் கருத்து.

தென்னையை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். மட்டையிலும் பன்னாடையிலும் உள்ள நார் சங்கிலியோடு உள்ளே போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். மூடியைக் கழற்றிக் கத்தி முனையால் அறுத்து எடுத்தால்தான் மறுபடி ஓடும். மட்டை வெட்டுவதற்குத் தொரட்டியும் அரிவாளுமே போதும். வாழைக்கும் இதே நிலைதான். உங்கள் கிளுவை வேலிக்கும் இது உதவாது. வளைந்துகொடுக்கும் மெல்லிய முள்வாரைச் சங்கிலி அறுக்காமல் இழுத்துக் கையை நோக்கி விசிறும்.

மின்பணியாளன் (ஈரோடு)

வோல்ட் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

இந்தச் சிறிய இயந்திரங்களின் பேட்டரிக்குள் இருப்பவை லித்தியம் அயான் செல்கள். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட். ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் சராசரி 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21 வோல்ட். ஆக, ஒரு நிறுவனம் 18 என்று எழுதுவதும் இன்னொரு நிறுவனம் 21 என்று எழுதுவதும் ஒன்றேதான். 48 வோல்ட் உண்மையாகவே வேண்டும் என்றால் பதின்மூன்று செல்களாவது தொடராக இருக்க வேண்டும். 88 வோல்ட்டுக்கு இருபதுக்கு மேல் வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் பேட்டரியில் அத்தனை செல்கள் உட்காரவே இடம் கிடையாது. அந்த எண்கள் விற்பனைக்காக அச்சிடப்பட்டவை.

இதைக் கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. பேட்டரியை மட்டும் கழற்றித் தராசில் வையுங்கள். பரவலாகப் பயன்படும் 18650 வகைச் செல் ஒன்று 45 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். ஐந்து செல் என்றால் செல்களின் எடை மட்டும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு; பத்து செல் என்றால் அரைக் கிலோவை ஒட்டி வரும்; அதற்கு மேல் பிளாஸ்டிக் கூட்டின் எடை. அந்த வகைச் செல் ஒன்றில் அதிகபட்சம் 3.5 ஆம்பியர்-மணி அளவுக்குத்தான் கொள்ளளவு கிடைக்கும், சாதாரணமாக வருவது 1.5 அல்லது 2. ஆகவே முந்நூறு கிராம் எடையுள்ள பேட்டரியில் 6 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அந்தக் கடையில் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை, வெளியே வந்துவிடலாம்.

வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி வரும். ஒப்பிடுவதற்கு அந்த எண்ணே சரியானது. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் 36 வாட்-மணி இருக்கிறது. அறுக்கும்போது இயந்திரம் 500 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓயாமல் அறுத்தால் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் மணிக்கட்டுப் பருமனுள்ள கொய்யாக் கிளை அறுபடுவதற்குச் சில நொடிகளே ஆகும். அடுத்த கிளைக்கு நகர்ந்து, நின்று பார்த்து, எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்கத்தான் நேரம் போகிறது. இரண்டு பேட்டரி இருந்தால் உங்கள் தோட்டத்துக்கு ஒரு காலைப்பொழுது வேலை தடையின்றி நடக்கும்.

மோட்டாரில் கார்பன் பிரஷ் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. பிரஷ் இல்லாத மோட்டார் அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும், சூடும் குறைவு. விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் அதையே எடுங்கள்.

கவாத்துக்கத்தரி (பெரியகுளம்)

நான் தோட்டக்கலைத் துறையில் நெடுங்காலம் பணிசெய்தவள். இந்த உரையாடல் இயந்திரத்தைச் சுற்றியே போவதால் மரத்தின் பக்கத்தில் நின்று சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கொய்யாவுக்குக் கவாத்து என்பது செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் முந்தைய பருவத்து நுனிகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வெட்டிவிடுவது. அது முழுக்க முழுக்கக் கைக்கத்தரி வேலை. மாமரத்தில் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் காய்ந்தவற்றையும் நோயுற்றவற்றையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, காய் இறங்கிய பிறகு ஆகஸ்ட், செப்டம்பரில் நீக்கினால் போதும். செடிமுருங்கையை அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டி, மறுபடி துளிர்த்துக் காய்க்க மறுதாம்பு விடுகிறோம்; அந்த ஒரு வேலைக்கு மட்டும் தண்டு பருமனாக இருப்பதால் வாள் தேவைப்படும். கிளைரிசிடியா வார்களை நன்றாகத் தீட்டிய அரிவாள் ஒரே வீச்சில் வெட்டும். அதற்குப் பிளவும் ஏற்படாது, மரமும் வேகமாகத் துளிர்க்கும்.

ஆக, உங்கள் பட்டியலில் செயின்சா கட்டாயமாகத் தேவைப்படும் இடம் மிகக் குறைவு. இழுக்கும்போது அறுக்கும் மடக்கு ரம்பம் ஒன்றும், நீண்ட கைப்பிடியுள்ள கத்தரி ஒன்றும் வாங்கினால் 5 சென்டிமீட்டர் வரையிலான எல்லாக் கிளைகளையும் செயின்சாவைவிட மிகத் துப்புரவாக வெட்டலாம். ரம்பத்தின் வெட்டுவாய் வழவழப்பாக இருக்கும்; செயின்சாவின் வெட்டுவாய் சொரசொரப்பாகவும் அகலமாகவும் இருக்கும்.

எந்தக் கருவியானாலும் வெட்டும் இடம் சரியாக இருக்க வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு புடைப்பைப் பார்ப்பீர்கள்; மாமரத்தில் அது நன்றாகத் தெரியும். காயத்தை மூடும் திசு அந்தப் புடைப்பிலிருந்துதான் வளர்ந்து வருகிறது. தண்டோடு ஒட்டினாற்போல அறுத்து அதை நீக்கிவிட்டால் காயம் ஆண்டுக்கணக்கில் மூடாது. ஒரு முழம் தள்ளி வெட்டி முளைக்குச்சியாக விட்டாலும் அது காய்ந்து உள்ளே அழுகலைக் கொண்டுபோகும். புடைப்புக்கு வெளியே, அதைத் தொடாமல் வெட்ட வேண்டும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் அறுக்கக் கூடாது. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி முதலில் அடிப்புறத்தில் கால்பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை தன் எடையால் முறிந்து விழும்போது பட்டை அந்த அடிவெட்டு வரைதான் கிழியும். பிறகு மீதமுள்ள குட்டைக் கட்டையைப் புடைப்புக்கு வெளியே நிதானமாக அறுத்து எடுக்கலாம். நீங்கள் சொன்ன பட்டை உரியும் குறைக்குத் தீர்வு இந்த முறையில்தான் இருக்கிறது. பெரிய வெட்டுவாய்களில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் என்பது அதன் விகிதம், உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

தோப்புக்காரர் (பொள்ளாச்சி)

அம்மா சொன்ன முறையில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ரம்பம் போதும் என்பதில் சிறிது மாறுபடுகிறேன். ஒரு மாமரத்தில் பதினைந்து இருபது கிளைகளை மடக்கு ரம்பத்தால் அறுத்து முடிக்கும்போது தோள் சோர்ந்துவிடும். சோர்ந்த பிறகு யாரும் மூன்று வெட்டு வெட்ட மாட்டார்கள், அடிவெட்டை விட்டுவிட்டு நேராக மேலிருந்து அறுப்பார்கள். கருவி வேலையை எளிதாக்கினால்தான் முறையைக் கடைப்பிடிக்கும் பொறுமை மிஞ்சும். வெட்டி விழுந்த கிளைகளைத் துண்டுபோடுவதையும் மறந்துவிடக் கூடாது. வேலையின் பாதி அதுதான்.

கிளுவைவேலி (கோபி அருகில்)

மூவருக்கும் நன்றி. நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கொய்யாவில் எதுவும் 4 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. மாமரங்களில் நீக்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றியவை 5 முதல் 9 சென்டிமீட்டர். முருங்கைத் தண்டு இடுப்புயரத்தில் 10 முதல் 12 சென்டிமீட்டர். மாமரம் ஒன்றில் வீட்டுக் கூரைமேல் சாய்ந்திருக்கும் கிளை மட்டும் 20 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது.

அம்மா சொன்ன புடைப்பைத் தேடிப் பார்த்தேன், தெளிவாகவே தெரிகிறது. முந்தைய வெட்டுகள் அனைத்தும் ஒன்று அதைச் சீவியிருக்கின்றன, அல்லது வெகுதூரம் தள்ளி நிற்கின்றன.

கூரைமேல் உள்ள கிளைக்காக வயர் இயந்திரம் வாங்குவது சரியாக இருக்குமா?

மின்பணியாளன் (ஈரோடு)

அந்த ஒரு கிளைக்காக வாங்க வேண்டாம். கூரைமேல் சாய்ந்த பருமனான கிளையைக் கயிறு கட்டி இறக்கத் தெரிந்தவரிடம் விடுவதே முறை. இருந்தாலும் வயர் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்.

நல்ல குணங்கள் அதற்கு உண்டு. பேட்டரி தேய்ந்துபோகும் கவலை இல்லை. சங்கிலியின் வேகம் நொடிக்கு 12 முதல் 15 மீட்டர் வரை இருக்கும், சிறிய பேட்டரி இயந்திரங்களில் இது 8 மீட்டர் அளவிலோ அதற்குக் கீழோதான். தரையில் கிடக்கும் கட்டைகளை அறுக்க அது மிகச் சிறந்தது. ஆனால் 2000 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். திண்ணையில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பிளக் வேண்டும், அது பெரும்பாலும் சமையலறையிலோ மோட்டார் அறையிலோதான் இருக்கும். அங்கிருந்து மாமரம் வரை 30 மீட்டர் என்றால், 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் மட்டும் 13 வோல்ட்டுக்கு மேல் இழப்பு ஏற்படும், 1.5 சதுர மில்லிமீட்டரில் அது ஏழு வோல்ட் அளவுக்குக் குறையும். மாலை நேரத்தில் ஏற்கெனவே மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் ஊர்களில் மெல்லிய வயரும் சேர்ந்தால் மோட்டார் திணறிச் சூடேறும். வயரைச் சுருளாக வைத்துக்கொண்டு ஓட்டுவதும் ஆபத்து. சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் காப்புறை உருகும். முழுவதையும் பிரித்துப் போட வேண்டும். வீட்டில் 30 மில்லிஆம்பியர் கசிவுமின் துண்டிப்பான் இல்லாமல் இத்தகைய இயந்திரத்தை ஈரமான தோட்டத்தில் தொடவே கூடாது.

அரக்காரர் (மேட்டுப்பாளையம்)

நான் மரப்பட்டறைகளுக்கு வாள் தீட்டிக்கொடுக்கும் தொழில் செய்கிறேன். இதுவரை யாரும் சங்கிலியைப் பற்றிப் பேசாததால் எழுதுகிறேன். என் பார்வையில் வாங்கும் முடிவே சங்கிலியில்தான் இருக்கிறது. மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மரத்தைத் தொடுவது சங்கிலியின் பல். அது மழுங்கினால் ஐம்பதாயிரம் ரூபாய் இயந்திரமும் அறுக்காது. அது கூராக இருந்தால் மூவாயிரம் ரூபாய் இயந்திரமும் ஓரளவு அறுக்கும்.

ஆகவே கடைக்காரரிடம் முதல் கேள்வியாக, இந்த இயந்திரத்தின் சங்கிலி தனியாகக் கிடைக்குமா, இப்போது கடையில் இருக்கிறதா, எடுத்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். சங்கிலியை அடையாளம் காண மூன்று அளவுகள் உள்ளன. முதலாவது பிட்ச்: சங்கிலிக் கண்ணிகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளில் அடுத்தடுத்த மூன்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாதியாக்கினால் வருவது. மூன்று ரிவெட்டுக்கு 12.7 மில்லிமீட்டர் இருந்தால் அது கால் அங்குலப் பிட்ச், சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் வருவது. 19 மில்லிமீட்டர் இருந்தால் எட்டில் மூன்று என்று பட்டறையில் சொல்லும் 3/8 அங்குலம், வயர் இயந்திரங்களில் வருவது. இரண்டாவது, பாரின் பள்ளத்துக்குள் ஓடும் அடிப்பல்லின் தடிமன், 1.1 மில்லிமீட்டர், 1.3 மில்லிமீட்டர் ஆகியவை பரவலானவை. மூன்றாவது, அந்த அடிப்பற்களின் எண்ணிக்கை. 4 அங்குல இயந்திரங்களில் 27 அல்லது 28, 6 அங்குலத்தில் 36 அல்லது 37 என்று வரும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ சங்கிலி பாரில் உட்காராது. ஆகையால் 6 அங்குலச் சங்கிலி கொடுங்கள் என்று கேட்டு வாங்காமல் இந்த மூன்று எண்களையும் இயந்திரத்தின் உறையிலேயே எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மழுங்கியதை எப்படி அறிவது என்றால், கீழே விழும் தூளைப் பாருங்கள். கூரான சங்கிலி சிறுசிறு சீவல்களாகத் தள்ளும். மழுங்கியது மாவு போன்ற தூளைத் தள்ளும். இயந்திரத்தை அழுத்தினால்தான் அறுக்கிறது என்றாலும் அதே பொருள். தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். கால் அங்குலப் பிட்சுக்கும் பல் உயரம் குறைந்த 3/8 அங்குலத்துக்கும் 4 மில்லிமீட்டர் அரம் சரியாக இருக்கும். மிக மெல்லிய சில சங்கிலிகளுக்கு 3.2 மில்லிமீட்டர் வேண்டும், அது சங்கிலியின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். பல்லின் மேல்விளிம்பு எந்தச் சாய்வில் இருக்கிறதோ, பெரும்பாலும் 30 பாகை, அதே சாய்வில் அரத்தை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பி வரும்போது உரசாமல் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். இடப்பக்கப் பற்கள் ஓர் அளவும் வலப்பக்கப் பற்கள் வேறு அளவும் ஆகிவிட்டால் வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கம் வளைந்து போகும், பார் கிளைக்குள் சிக்கிக்கொள்ளும்.

இடமும் வலமுமாக மாறிமாறி வரும் இந்தப் பல் அமைப்பைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மரம் அறுக்கும் தொழிலில் இருந்த ஜோ காக்ஸ் என்பவர் 1946-ல், மரக்கட்டையைக் குடைந்து செல்லும் வண்டுப் புழு ஒன்று தன் தாடைகளை இடமும் வலமும் அசைத்து நாருக்குக் குறுக்காகவும் நெடுக்காகவும் ஒரே வேகத்தில் அரிப்பதைக் கவனித்தார். அதைப் பார்த்தே அந்தப் பல்லை வடிவமைத்து 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் மாமரத்தைத் துளைக்கும் தண்டுத்துளைப்பான் புழுவும் அதே நீள்கொம்பு வண்டுக் குடும்பம்தான். மாங்கிளை வெட்டும்போது உள்ளே பெருவிரல் பருமனான துளையும் தூளும் இருந்தால் அந்தக் கிளையை நல்ல மரம் தெரியும் வரை அறுத்து எரித்துவிடுங்கள்.

சங்கிலி இழுவையையும் சொல்லிவிடுகிறேன். பாரின் நடுவில் சங்கிலியை விரலால் மேலே தூக்கினால் அடிப்பல் சற்றே வெளியே தெரிய வேண்டும், பள்ளத்தை விட்டு முழுதாக வரக் கூடாது. புதுச் சங்கிலி முதல் சில நிமிடங்களிலேயே நீளும், அதனால் நிறுத்திப் பார்த்து இறுக்குங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கினால் வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்து சுருங்கும்போது பாரையும் மோட்டார் தண்டையும் இழுத்துக் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

தேயிலைமேடு (கோத்தகிரி)

அரக்காரர் ஐயா எண்ணெயைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் தானாக எண்ணெய் சொட்டும் அமைப்பு இருப்பதில்லை. ஒரு குப்பியைக் கொடுத்து நாமே சொட்டுவிடச் சொல்கிறார்கள். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் பார் நீலம் பாய்ந்து பள்ளம் விரிந்துவிடும். இங்கே சிலர் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அது 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறைந்துவிடுவதால் எங்கள் மலையில் காலையில் குழாய் அடைத்துக்கொள்ளும். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயை விடுவதையும் பார்க்கிறேன். அதில் உலோகத் துகள் இருக்கிறது, நச்சுப் பொருள்களும் இருக்கின்றன; அது பாரையும் தேய்க்கும், வெட்டுவாய் வழியே நாம் உண்ணும் பழமரத்திலும் படியும். எதை விடுவது நல்லது?

அரக்காரர் (மேட்டுப்பாளையம்)

செயின்சாவுக்கென்று விற்கும் எண்ணெய் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. வேகமாகச் சுழலும் சங்கிலியிலிருந்து தெறித்துப் போகாமல் ஒட்டியிருக்கும் பசைத்தன்மை அதற்கு உண்டு. கிடைக்காதபோது விளக்கெண்ணெயைக் கடலை எண்ணெயோடு கலந்து விடலாம். விளக்கெண்ணெய் கெட்டியானது, நன்றாக ஒட்டும், எளிதில் காய்ந்து பிசினாகாது. ஐரோப்பிய நாடுகளில் காடுகளில் வேலைசெய்கிறவர்கள் கடுகு இனத்து ரேப்சீடு எண்ணெயில் செய்த சங்கிலி எண்ணெயைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள், ஆகவே தாவர எண்ணெய் புதுமையானதன்று. ஆனால் தாவர எண்ணெய் விட்ட இயந்திரத்தை மாதக்கணக்கில் அப்படியே வைக்கக் கூடாது. துடைத்து, சங்கிலியைக் கழற்றிப் பள்ளத்தில் உள்ள பிசுக்கை எடுத்துவிட்டு வைக்க வேண்டும். முருங்கை அறுத்த பிறகு இது கட்டாயம். அதன் ஈரத்தூள் மூடிக்குள் அப்பிக்கொண்டு மறுநாளே இறுகிவிடும்.

கிளுவைவேலி (கோபி அருகில்)

இவ்வளவு விரிவாக யாரும் கடையில் சொல்லவில்லை. எல்லோருடைய கருத்தையும் வைத்துப் பார்க்கும்போது, கொய்யாவுக்குக் கத்தரியும் மடக்கு ரம்பமும், மாவுக்கும் முருங்கைக்கும் 6 அங்குல பேட்டரி இயந்திரமும் என்று வருகிறது. ஒரு சந்தேகம் மட்டும் உள்ளது. விளம்பரங்களில் ஏணியில் நின்று ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கிறார்கள். எடை குறைவு என்பதால் அப்படிச் செய்யலாமா?

தோப்புக்காரர் (பொள்ளாச்சி)

கூடவே கூடாது தம்பி. இயந்திரம் சிறியது என்பதால் சங்கிலி சிறிய காயத்தோடு விட்டுவிடாது. பார் நுனியின் மேல் கால்வட்டப் பகுதி ஒரு கிளையிலோ முட்டிலோ பட்டால் இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கி, நம் முகத்தை நோக்கி எகிறும். பெரிய இயந்திரங்களில் முன்கைக்காப்பும் அதோடு இணைந்த சங்கிலித் தடையும் இருக்கும்; சிறியவற்றில் பல அவை இல்லாமலே வருகின்றன. ஒரு கையால் பிடித்தால் அந்த எகிறலை அடக்க முடியாது. மறு கை கிளையைப் பிடித்திருந்தால் அது சங்கிலியின் பாதையிலேயே இருக்கிறது. இரண்டு கையாலும் பிடிப்பதற்கு வசதியான முன்கைப்பிடி உள்ள மாதிரியையே வாங்குங்கள்.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். பாதுகாப்புப் பொத்தானை அழுத்தாமல் விசையை மட்டும் இழுத்தால் ஓடக் கூடாது. விசையை விட்டதும் சங்கிலி உடனே நிற்க வேண்டும். பாரின் மேலே மூடிபோல இறங்கும் காப்பு உறுதியாக இருக்க வேண்டும்.

ஏணியில் ஏறி அறுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கிளை விழும்போது ஏணியைத் தட்டிவிடும், அல்லது எடை நீங்கிய மரம் மேலே எழும்பி ஏணி சறுக்கும். தரையிலிருந்து எட்டாத கிளைக்கு நீண்ட கம்பில் பொருத்திய ரம்பம் இருக்கிறது. அதையும் தலைக்கு நேர்மேலே வைத்து அறுக்காமல், பக்கத்தில் தள்ளி நின்று சாய்வாக அறுங்கள். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு இவற்றோடு இந்த வேலைக்கு இறங்கக் கூடாது. முழுக்கால்சட்டை, மூடிய காலணி, கண்ணாடி இவை கட்டாயம்.

கவாத்துக்கத்தரி (பெரியகுளம்)

இரண்டு கையால் பிடிக்கும்படியான இயந்திரத்தைத் தரையில் நின்று பயன்படுத்துவதென்றால் எனக்கும் மறுப்பில்லை. தோள் சோர்வைப் பற்றிப் பொள்ளாச்சி நண்பர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். புடைப்பை ஒட்டிய கடைசி வெட்டை மட்டும் மடக்கு ரம்பத்தால் செய்யுங்கள். செயின்சாவில் கை சற்று நழுவினாலும் தண்டின் பட்டையில் பல் பதிந்துவிடும். ஒரு நோயுற்ற மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் சங்கிலியையும் ரம்பத்தையும் துடைத்து ஸ்பிரிட் தடவுங்கள். முருங்கைத் தண்டைச் சாய்வாக வெட்டுங்கள், மழைநீர் தேங்காமல் வழியும்.

மின்பணியாளன் (ஈரோடு)

வாங்கும் முன் இறுதியாக ஒன்று. உங்களிடம் ஏற்கெனவே ஏதேனும் பேட்டரி டிரில்லோ மருந்துத் தெளிப்பானோ இருந்தால், அதே பேட்டரியில் ஓடும் செயின்சாவை அந்த நிறுவனம் விற்கிறதா என்று பாருங்கள். பேட்டரி இல்லாமல் இயந்திரத்தை மட்டும் வாங்குவது மலிவாக முடியும், ஐந்தாறு ஆண்டு கழித்துப் பேட்டரி தேய்ந்தாலும் மாற்று கிடைக்கும். பெயரில்லாத இயந்திரத்தில் பேட்டரி போனால் இயந்திரமே போன மாதிரி. மே மாத வெயிலில் வேலை முடித்த உடனே சூடான பேட்டரியைச் சார்ஜில் போடாமல் நிழலில் ஆறவிடுங்கள். அடுத்த கவாத்து வரை சும்மா இருக்கும் என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

கூரைமேல் சாய்ந்த கிளைக்கு அருகில் மின்கம்பி போகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. போகிறதென்றால் ஆள் வைத்தாலும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, இணைப்பை நிறுத்திய பிறகே அறுக்கச் சொல்லுங்கள்.

கிளுவைவேலி (கோபி அருகில்)

கம்பி போகிறது ஐயா. கிளை நுனிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு கை அகலமே இருக்கிறது. நாளை பிரிவு அலுவலகத்துக்குப் போகிறேன். வீட்டில் 18 வோல்ட் டிரில் ஒன்றும் இரண்டு பேட்டரியும் உள்ளன. அதே வரிசையில் 6 அங்குலச் செயின்சா இருப்பதாகக் கடைக்காரர் உறுதி செய்தார். மாற்றுச் சங்கிலி இரண்டையும் 4 மில்லிமீட்டர் அரத்தையும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாமரம் இப்போது காயோடு இருப்பதால் அதை ஆகஸ்டில் தொடுகிறேன், முதலில் முருங்கை.